குளத்துக்கு வந்த கரண்ட் பில்

குளம் தானாக நிரம்பும் என்பது நம் பழைய கணக்கு. மேட்டில் மழை பெய்யும், ஓடை இறங்கும், ஒரு குளம் நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அடுத்த குளத்துக்குப் போகும். செலவு என்றால் கரையைப் பலப்படுத்துவதும் தூர் வாருவதும்தான். தண்ணீரை மேலே தூக்குகிற பெரிய வேலையைச் சூரியன் முன்கூட்டியே செய்து முடித்திருக்கும். அதற்கு யாரும் பில் போட்டதில்லை.

இன்று கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் மோட்டாரில் வருகிறது. 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தின் வேலை இதுதான். பவானி ஆற்றில், காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே, வெள்ளக் காலத்தில் உபரியாகப் போகும் நீரில் ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி.யை எடுத்து, பவானி, நல்லகவுண்டன்பாளையம், திருவாச்சி, போலநாயக்கன்பாளையம், எம்மாம்பூண்டி, அன்னூர் என்று ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேடேற்றுகிறார்கள். குழாய்களின் மொத்த நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். செலவு 1,916 கோடி ரூபாய். பயன்பெறும் நிலம் 24,468 ஏக்கர்.

திறப்பு விழாவை ஒட்டி வந்த செய்திகளில் பேச்சு முழுக்கக் கட்டுமானச் செலவைப் பற்றியும், யார் ஆட்சியில் எத்தனை சதவீத வேலை முடிந்தது என்பதைப் பற்றியும்தான். எனக்கோ தொழில் புத்தி. ஒரு சாஃப்ட்வேர் சிஸ்டத்தைக் கட்டுவதற்கு ஆகிற செலவைவிட, அதைத் தினமும் ஓட்டுவதற்கு ஆகிற செலவுதான் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும் என்று பத்து வருஷ வேலை கற்றுக்கொடுத்திருக்கிறது. குளத்துக்கு மாசாமாசம் கரண்ட் பில் எவ்வளவு வரும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, இயற்பியல் கேட்பது 0.27 யூனிட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 70 சதவீதத் திறனோடு ஓடுகின்றன என்று வைத்தால் 0.39 யூனிட். 1.5 டி.எம்.சி. என்பது 4,247 கோடி லிட்டர். அன்னூர், பவானியைவிட 100 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. வழியில் உள்ள குளங்கள் அதைவிடத் தாழ்வு. சராசரியாக 100 மீட்டர் என்று பிடித்தால், ஒரு வருஷத்துக்கு 1.65 கோடி யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் பதினொன்றரைக் கோடி ரூபாய். குழாயில் உரசி இழக்கும் அழுத்தம் இதில் சேரவில்லை. அதைச் சேர்த்தால் இன்னும் ஏறும். ஏக்கர் கணக்கில் வகுத்தால் வருஷத்துக்குக் குறைந்தது 4,700 ரூபாய். இவையெல்லாம் என்னுடைய தோராயக் கணக்குகள், மின்வாரியத்தின் பில் அல்ல.

அதே தொகையைத் திருப்பிப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று ரூபாய்க்கும் குறைவு. டீக்கடையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை 20 ரூபாய் கொடுத்து வாங்குகிறோம். மலிவா, அதிகமா என்பது யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்வியை வைத்துத்தான் கொங்கு நாட்டில் பல வருஷமாகச் சண்டை நடக்கிறது. அதில் உயிர்களும் போயிருக்கின்றன.

*

பம்ப் எடுக்கும் இடத்துக்கு மேலேயே இருக்கிற காளிங்கராயன் அணைக்கட்டைச் சொல்லாமல் போக முடியாது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பாண்டியர்களின் கீழ் இருந்த காளிங்கராயன் கட்டியது. அங்கிருந்து புறப்படும் கால்வாய் சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து கொடுமுடிப் பக்கம் நொய்யலைத் தொடுகிறது. பாம்பு போன தடத்தில் வெட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும், அந்த வளைவுக்கு ஒரு காரணம் உண்டு. உயரம் மெல்லக் குறைந்துகொண்டே போக வேண்டும். திடீரென்று இறங்கினால் கரை அரிக்கும், ஏறினால் தண்ணீர் நிற்கும். சம உயரக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனதால்தான் அத்தனை நெளிவு. எழுநூறு வருஷமாக ஓடுகிறது, ஒரு யூனிட் மின்சாரம் கேட்டதில்லை.

1955-இல் முடிந்த கீழ்பவானித் திட்டமும் இதே தத்துவம்தான். பவானிசாகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் கால்வாய், இரண்டு லட்சம் ஏக்கர் பாசனம், எல்லாம் சரிவின் தயவு. ஆனால் சரிவின் தயவு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கால்வாய்க்கு மேட்டுப்பக்கம் இருந்துவிட்ட அவிநாசி, அன்னூர், பெருந்துறையின் ஒரு பகுதி – இந்த ஊர்க்காரர்களுக்குப் பவானி ஆறு கண்ணுக்குத் தெரிகிற தூரம், கைக்கு எட்டாத தாழ்வு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநிழல் வேறு. அவர்களுக்கு இருந்தது கிணறு மட்டும்.

கிணறு என்றால் பாறையை வெட்டி இறக்கிய சதுரக் கிணறு. இறைக்கக் கவலை. மாடு பூட்டித் தோல் சாலில் நீர் இறைக்கும் முறைக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர். மற்ற ஊர்களில் கமலை என்பார்கள். ஜோடி மாடு சரிவில் பின்னால் ஏறி வரும், சால் கிணற்றில் இறங்கும். முன்னால் இறங்கும், சால் மேலே வரும், தும்பி வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். எங்கள் அப்பாரு இளவயதில் கவலை ஓட்டியவர். நான் இன்ஜினியரிங் முடித்த வருஷம் அவரிடம் பம்ப் எஃபிசியன்சி பற்றி ஏதோ பெரிதாக விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தண்ணி எத்தன கனம்னு மாட்டுக்குத் தெரியுஞ்சாமி. மோட்டாருக்கு என்ன தெரியும்? காயில் போனா நின்னுக்கும்."

அவர் சொன்ன கனத்தையும் கணக்கில் கொண்டுவரலாம். ஒரு சாலில் 120 லிட்டர், கிணற்றில் தண்ணீர் 10 மீட்டர் ஆழத்தில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட் மின்சாரத்தில் அடங்கியிருக்கும் வேலை, சுமார் 300 சால். அந்தக் காலப் பம்புகள் பாதியை வீணாக்கின என்று வைத்தாலும் 150 சால். 150 முறை மாடு ஏறி இறங்க வேண்டும்; கூடவே ஓர் ஆளும். மின்சாரம் வந்தபோது எங்கள் ஜனம் அதன்மீது ஏன் அப்படிப் பாய்ந்தது என்று புரிந்துகொள்ள இந்த ஓர் எண் போதும்.

மின்சாரத்துக்கு முன்பே முயற்சி நடந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை ராஜதானியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் ஆயில் எஞ்சின் வைத்துக் கிணற்று நீர் இறைப்பதைப் பரப்பப் பாடுபட்டார். ஆனால் கொங்கு நாட்டைத் திருப்பிப்போட்டது 1930-களில் வந்த பைக்காரா. நீலகிரியில் சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து குழாயில் தண்ணீரை இறக்கி, சிங்காராவில் மின்சாரம் எடுத்தார்கள். கோயம்புத்தூர் மில்களுக்கு அது உயிர். மில்லுக்குப் போன கம்பியிலிருந்து கிளை பிரிந்து கிணற்றடிக்கும் வந்தது. கிணற்றடிக்குக் கரண்ட் வந்தால் மோட்டார் வேண்டுமே. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வது வழக்கம். பிறகு பம்ப்செட் என்றாலே கோயம்புத்தூர் என்றாகிப்போனது எல்லோருக்கும் தெரிந்த கதை.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. பைக்காரா ஆறு கீழே மோயாறாகி, பவானியில் வந்து சேர்கிறது. அதாவது நீலகிரியில் 900 மீட்டர் விழுந்து மின்சாரம் கொடுத்த அதே தண்ணீர்தான் சமவெளியில் பவானியாக ஓடுகிறது. விழும்போது வாங்கியதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தால், அதையே 100 மீட்டர் மேலே ஏற்றி அன்னூர்க் குளத்தில் விடலாம். இயற்பியல் கணக்கில் லாபம்தான். கணக்கு இடிப்பது பணத்தில்.

*

1970-இல் தமிழக அரசு விவசாய மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்தியது. இரண்டு பைசா! இன்றைக்குப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் பத்து மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 40 யூனிட். வருஷத்தில் 200 நாள் ஓடினால் 8 பைசா வீதம் 640 ரூபாய், 10 பைசா வீதம் 800 ரூபாய். தினக்கூலி சில ரூபாய்களே இருந்த காலத்தில் 160 ரூபாய் கூடுதல் என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். அதோடு கிணற்றை வெட்டிய கடன், மோட்டார் வாங்கிய கடன், வருஷாவருஷம் ஆழப்படுத்துகிற செலவு எல்லாம் தனி.

கோவை வையம்பாளையத்தைச் சேர்ந்த நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். அரசு ஒரு பைசாவைக் குறைத்தது. 1972-இல் கட்டணம் மறுபடி உயர, இந்த முறை கோயம்புத்தூர் நகரத்துக்குள் மாட்டுவண்டிகளை ஓட்டிவந்து தெருத்தெருவாக நிறுத்திவிட்டார்கள். நகரத்துக்குப் பால், காய்கறி வரத்தும் நின்றது. மோட்டாருக்கு ஆகும் கரண்ட் காசைக் கேட்க மாட்டுவண்டியில் வந்தார்கள் என்பதை வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் வேண்டுமென்று ஜோடித்தது அல்ல, அப்படித்தான் நடந்தது. அந்த ஆண்டு ஜூலை 5 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் 15 பேர் இறந்தார்கள். விவசாய சங்கங்கள் இன்றும் ஜூலை 5 அன்று அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகின்றன.

அந்தப் போராட்டத்தை வசதியான தோட்டக்காரர்களின் போராட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அதில் பாதி உண்மையும் உண்டு. மோட்டார் வைத்திருந்தவர்கள் நிலம் வைத்திருந்தவர்கள். அதே தோட்டத்தில் தண்ணீர் கட்டிய கூலியாளின் பெயரில் மின் இணைப்பு இல்லை. ஆனாலும் அந்தக் கோரிக்கையில் ஒரு நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கத் தயாரில்லை. மேட்டூரைத் திறந்தால் தஞ்சாவூர் வயலுக்குத் தண்ணீர் நடந்தே போய்ச் சேரும். அணையைக் கட்டியது அரசு, கால்வாயைப் பராமரிப்பது அரசு, விவசாயி கட்டுவது சொற்பத் தீர்வை. மேட்டுநிலக்காரன் தன் காசில் பாறையை வெட்டி, தன் காசில் மோட்டார் வாங்கி, யூனிட்டுக்கு யூனிட் பணமும் கட்ட வேண்டும். பூமியின் சரிவு ஒருவனுக்குக் கொடுத்த மானியத்தை இன்னொருவனுக்கு மின்வாரியம் கொடுக்கட்டும் என்பதுதான் அடிப்படையில் அவர்கள் கேட்டது.

நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் இறந்தார். அதே ஆண்டு எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. 1989-இல் வந்த கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் என்று விரித்தது. 2003-இல் ஜெயலலிதா அரசு கட்டணத்தைக் கொண்டுவந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தேர்தல் முடிந்த கையோடு கட்டணமும் போனது. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இலவசம் என்பதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று இதற்கிடையில் சத்தமில்லாமல் நடந்தது. மீட்டர் போய்விட்டது. 1980-களில் யூனிட் கணக்கை விட்டுக் குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்ற நிலைக்கட்டணம் வந்தபோதே கிணற்றடி மீட்டருக்கு வேலை இல்லாமல் போனது. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் அதிகமான விவசாய இணைப்புகள் உள்ளன. அவை எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன என்பது பெரும்பாலும் மோட்டாரின் குதிரைத்திறனை வைத்துப் போடுகிற மதிப்பீடு. அந்த மதிப்பீட்டை வைத்து அரசு மின்வாரியத்துக்கு மானியம் கட்டுகிறது. எங்கள் தொழிலில் இதை லாக் இல்லாத சர்வர் என்போம். ஓடுகிறது என்று தெரியும், பில்லும் வரும். எதனால் வந்தது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

விலை இல்லாததால் தண்ணீரை அள்ளி இறைத்தார்கள் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வதை நான் அப்படியே ஏற்பதில்லை. மும்முனை கரண்ட் ஒரு நாளில் சில மணி நேரம்தான் வரும், அதிலும் ஒரு பகுதி நடுராத்திரியில். டார்ச் லைட்டும் கையுமாகத் தோட்டத்துக்கு ஓடி ஸ்டார்ட்டரைத் தட்டிவிட்டு வந்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த இலவசத்தின் விலை. பாம்புக் கடிக்குப் பயந்தே பலரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டினார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக எடுத்துக்கொள்ளும், பயிருக்கு வேண்டுமோ வேண்டாமோ. வோல்டேஜ் எப்போதும் குறைவு என்பதால், திறன் அதிகமுள்ள மோட்டாரை அல்ல, குறைந்த வோல்டேஜிலும் காயில் கருகாத மோட்டாரைத் தேடி வாங்கினார்கள். யூனிட்டுக்குக் காசு இல்லாதபோது திறனுக்கு யார் கூடுதல் விலை கொடுப்பார்கள்?

விளைவு ஒன்றே. தண்ணீர் இறங்கியது. கிணற்றுக்குள் சைடு போர், பிறகு தனி போர், ஐந்நூறு அடி, எண்ணூறு அடி, ஆயிரம் அடி. கவலை எட்டிய ஆழத்தைப்போல முப்பது மடங்கு.

*

குளத்தை நிரப்பும் கோரிக்கையும் இந்தக் கதைக்கு இணையாகவே ஓடிவந்தது. 1950-களில் பேச்சு தொடங்கியபோது யாரும் பம்பைப் பற்றி யோசிக்கவில்லை. பவானி மலையிலிருந்து இறங்கும் அத்திக்கடவுப் பக்கமே தண்ணீரை மடக்கி, மேட்டிலேயே கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தால் தானாகவே அவிநாசிக்கு வரும் என்பதுதான் கனவு. அந்தக் காலத்துப் பெயர்தான் இன்னும் திட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ தேர்தல்களில் வாக்குறுதியாக வந்து போனது. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் நடந்த உண்ணாவிரதத்துக்குப் பிறகுதான் சூடு பிடித்தது. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதற்குள் தண்ணீர் எடுக்கும் இடம் மலையடிவாரத்திலிருந்து கீழே, காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழ்ப்புறம் வந்துவிட்டது. பழைய பாசனக்காரர்கள் எல்லோரும் தங்கள் பங்கை எடுத்தபின், காவிரியில் கலப்பதற்கு முன் மிஞ்சுவதை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் அதுதான் இடம். யாருடைய உரிமையும் கெடாது. ஆனால் இறங்கி வந்துவிட்ட அத்தனை உயரத்தையும் மின்சாரம் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும். மேல்பவானியில் தகராறு, கீழ்பவானியில் கரண்ட் பில். அரசு கரண்ட் பில்லைத் தேர்ந்தெடுத்தது. அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கேதான் ஒரு வேடிக்கை. இந்தக் குளங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து நேரடிப் பாசனம் கிடையாது. 1,045-இல் 971 சாதாரணக் குட்டைகள். தண்ணீர் அங்கே நின்று, மண்ணில் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் போர்களிலும் ஊற வேண்டும். அதை விவசாயி மறுபடியும் மோட்டார் போட்டு மேலே எடுப்பார். அரசுச் செலவில் ஏற்றிய அதே தண்ணீரை, பூமிக்குள் இறக்கி, அரசு கட்டும் மானியத்திலேயே மறுபடியும் ஏற்றுகிறோம்.

கிண்டலாகச் சொல்லவில்லை. இரண்டாவது ஏற்றத்தின் கணக்கைப் பாருங்கள். 300 மீட்டர் ஆழத்து போரிலிருந்து, 40 சதவீதத் திறனுள்ள மோட்டாரில் ஆயிரம் லிட்டரை எடுக்க 2 யூனிட் ஆகும். பவானியிலிருந்து குளத்துக்குக் கொண்டுவர ஆனதைப்போல ஐந்து மடங்கு. குளத்து நீர் ஊறி, நீர்மட்டம் 60 மீட்டர் உயர்ந்தால் போதும், அதாவது ஏறக்குறைய 200 அடி. குளத்துக்கு ஆகும் கரண்ட் செலவு அத்தனையும் போரில் மிச்சமாகிவிடும். குட்டையில் ஆவியாகிப் போவது ஒரு பக்கம் குறைக்கும். ஆனால் நீர்மட்டம் உயர்ந்தால், பவானித் தண்ணீர் மட்டுமல்ல, மழையில் ஊறியதும் சேர்ந்து குறைந்த ஆழத்திலிருந்து கிடைக்கும் என்பது மறுபக்கம் கூட்டும். அரசின் ஒரு கை கட்டும் பில்லை இன்னொரு கை மிச்சம் பிடிக்கலாம். திட்டத்தின் லாபம் இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பத்திரிகைகளில் இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

இப்போது எங்கள் ஊர்க் குட்டைக்கரையில் சோலார் தகடு மாட்டிய பெட்டி ஒன்று நிற்கிறது. குட்டைக்குள் எவ்வளவு தண்ணீர் விழுகிறது என்பதை அளந்து, எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. நிரம்பினால் வால்வு மூடிக்கொள்ளும். நல்ல டிசைன். நூறு அடி தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம், பங்காளி வீட்டுத் தோட்டத்தில் ஏழரைக் குதிரைத்திறன் சப்மெர்சிபிள் ஓடுகிறது. அவர் அதை இப்போது செல்போனிலேயே ஆன் செய்கிறார், ராத்திரியில் டார்ச் தூக்க வேண்டியதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், அந்தக் காலத்து மீட்டர் மாட்டிய மரப்பலகை மட்டும் இன்னும் இருக்கிறது. "மீட்டர் வெச்சா பில்லு வந்துரும் தம்பி" என்றார், நான் கேட்டதற்கு. பில் வராது, தண்ணீர் எவ்வளவு மேலே வந்திருக்கிறது என்று பார்க்கத்தான் என்றேன். "மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்று சிரித்தார். அவருடைய பெரியப்பா 1972-இல் வண்டி பூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனவர்.